அறுபத்தொன்பது மில்லிமீட்டர்

மறுபடியும் ஒன்றுமில்லை. கறுப்புத் திரையின் உச்சியில் எண், உயரம், வேகம், திசை, இடம் என்று தலைப்புகள் மட்டும் வரிசையாக நின்றன. அவற்றுக்குக் கீழே ஒரு வரிகூட விழவில்லை. குழல்வாய்மொழி மடிக்கணினியை மூடித் திறந்தாள். மூடித் திறந்தால் சரியாகிவிடும் என்று நினைப்பது மடத்தனம் என்று பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முப்பது வருஷமாகச் சொல்லிவருகிறவள் அவள்தான், ஆனாலும் மூடித் திறந்தாள், ஏனென்றால் மணி இரண்டு ஐந்து ஆகிவிட்டது, இரண்டு இருபதுக்குச் சென்னையிலிருந்து அந்த விமானம் புறப்படும், தாமதமானாலும் இரண்டரை, மூன்று மணி வாக்கில் திருச்சிக்கு மேலே வந்துவிடும், வந்து போய்விடும். மாடிப்படி முடிகிற இடத்தில் இருக்கும் இந்தச் சின்ன அறை அடுப்பு மாதிரி இருந்தது. வெளியே ஆடிக்காற்று மொட்டை மாடியைப் பெருக்கிக்கொண்டு போனது. ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தால் துணிக்கொடிக் கம்பத்தின் நுனியில் அவள் கட்டிவைத்த ஆன்டெனா ஆடிக்கொண்டிருந்தது: நட்டநடுவே நிமிர்ந்து நிற்கும் ஒரு செப்புக் கம்பி, அதைச் சுற்றிக் கீழே சரிந்து நிற்கும் நாலு கம்பிகள், துணி கழன்றுபோன குடை மாதிரி. அறுபத்தொன்பது மில்லிமீட்டர். ஒவ்வொரு கம்பியும் அறுபத்தொன்பது மில்லிமீட்டர். அலைநீளத்தில் கால் பங்கு. கணக்கு சரி. நாலு முறை போட்டுப் பார்த்தாயிற்று. வானத்தில் போகிற ஒவ்வொரு விமானமும் நான் இன்னார், இவ்வளவு உயரத்தில் இருக்கிறேன், இந்த இடத்தில் இருக்கிறேன் என்று நொடிக்கு நொடி சொல்லிக்கொண்டேதான் போகிறது, யாருக்கென்று இல்லை, எல்லோருக்கும், ஒரு துண்டுக் கம்பி வைத்திருக்கிற யாருக்கும். ஊருக்கெல்லாம் சொல்கிறது. எனக்கு மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறது. ஊருக்கெல்லாம் பேசுகிறாள், என்னிடம் மட்டும் பேச மாட்டேன் என்கிறாள். ச்சீ, விமானத்தைப் பற்றி நினைக்கும்போது அவளைப் பற்றி நினைக்கக் கூடாது. ஆனால் விமானத்தைப் பற்றி நினைப்பதே அவளுக்காகத்தானே.

அறுபத்தொரு நாள். மகள் சிந்துஜா கடைசியாக இந்த வீட்டுக்கு வந்துபோய் இன்றோடு அறுபத்தொரு நாள். அவள் துணை விமானியாகி ஒரு வருஷம் முழுதாக முடியவில்லை. அந்த மே மாதச் சாயங்காலத்தை நினைக்கக் கூடாது என்று குழல்வாய்மொழி எத்தனையோ தடவை தனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், சொல்லும்போதே அது வந்து நிற்கும், இப்போதும் வந்தது: கையில் போன், போனில் அந்த ஆப், ஆப்பில் மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி விமானம் சென்னைக்கு மேலே வட்டம் போடுகிறது, கோடை மழை, இடி, ஒரு வட்டம், இரண்டு வட்டம், ஐந்தாவது வட்டம் போட்டு இறங்கத் தொடங்கி, இறங்கி, கோடு நின்றுபோகிறது. நின்றே போகிறது. மஞ்சள் விமானம் இல்லை. அதற்குப் பிறகு அவள் செய்தது எதுவும் அவள் செய்தது மாதிரி அவளுக்கு ஞாபகம் இல்லை, வேறு யாரோ செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தது மாதிரிதான் இருக்கிறது. விமானக் கம்பெனிக்குப் போன் போட்டாள், விமான நிலையத்துக்குப் போட்டாள், சிந்துவோடு அறையைப் பகிர்ந்துகொள்ளும் பெண்ணின் அம்மாவுக்குப் போட்டாள், கடைசியில் நூறுக்கும் போட்டாள். விமானம் பத்திரமாக இறங்கி, பயணிகளெல்லாம் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகும் போன் போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் புறப்படுவதற்கு முன்னால் கேப்டன் எல்லோர் முன்னாலும் கேட்டாராம்: "என்ன சிந்துஜா, உங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கிளம்பலாமா?" எல்லோரும் சிரித்தார்களாம். சிந்துவும் சிரித்தாளாம். அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. சமையலறை மேடைமேல் சாய்ந்து நின்று, "அந்த ஆப்பை எடும்மா. என் முன்னாடியே எடு," என்றாள். எடுத்தாள். "எனக்கு மூச்சு முட்டுதும்மா. நானா கூப்பிடுற வரைக்கும் என்னைக் கூப்பிடாதே." சரி என்றாள். சரி என்று சொல்லும்போது இரண்டு நாளோ ஒரு வாரமோ என்று நினைத்தாள். அறுபத்தொரு நாள்.

ஆப்பைத்தானே எடுக்கச் சொன்னாள். ஆன்டெனா கட்டாதே என்று சொல்லவில்லையே. இது எப்படிப்பட்ட வாதம் என்று குழல்வாய்மொழிக்குத் தெரியாமல் இல்லை. பேனாவால் கிறுக்கக் கூடாது என்றுதானே சொன்னீங்க மிஸ், இது காம்பஸ் முள் என்று டெஸ்கைக் காட்டி நின்ற பிள்ளையை வராந்தாவில் நிறுத்தியவள்தான் அவள். இருந்தாலும் இது வேறு. இது பாடம். அலைநீளம், அதிர்வெண், கால் அலை. ஓய்வுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிற இயற்பியல் டீச்சர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மொட்டை மாடியில் ஒரு செய்முறை செய்து பார்க்கிறாள், இதில் யாருக்கு என்ன மூச்சு முட்டப்போகிறது? அலையை வாங்கிக் கணினிக்குக் கொடுக்கக் கட்டைவிரல் அளவுக்கு ஒரு டாங்கிள், ஆன்லைனில் வாங்கியது. மெயின்கார்டு கேட் பக்கத்துக் கடையில் கேபிளும் கனெக்டரும். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய செப்புக் கம்பி. பள்ளி ஆய்வகத்திலிருந்து சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுத்தான் எடுத்து வந்தாள். மடிக்கணினி சிந்து காலேஜில் வைத்திருந்தது, அதில் 'ந' விசை வேலை செய்யாது. எல்லாம் சேர்த்து மூன்று ஞாயிற்றுக்கிழமை. முதல் ஞாயிறு சால்டர் பிடிக்கவில்லை, ஈய உருண்டை கம்பியில் ஒட்டாமல் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு போய்க் கால்விரலில் விழுந்தது. இரண்டாவது ஞாயிறு மென்பொருள் திறக்கவே இல்லை. இன்றைக்கு எல்லாம் இருக்கிறது, எல்லாம் சரி, ஒன்றுமில்லை.

ஸ்கேல்! சட்டென்று அவள் எழுந்தபோது முழங்கால் மேஜையில் இடித்தது. பிளாஸ்டிக் ஸ்கேலில் சுழி விளிம்பிலிருந்தா தொடங்குகிறது? விளிம்பிலிருந்து நாலு மில்லிமீட்டர் தள்ளி அல்லவா தொடங்குகிறது! ஒன்பதாம் வகுப்பில் முதல் அளவீட்டுப் பாடத்தில் பாதிப் பிள்ளைகள் செய்கிற தப்பு, சிவப்பு மையால் சுழித்துச் சுழித்து அவளுக்கே அலுத்துப்போன தப்பு, அதையே அவள் செய்திருக்கிறாள். வெளியே போய், கம்பத்தின் கட்டை அவிழ்த்து, ஆன்டெனாவைத் தரையில் வைத்து அளந்தாள். எழுபத்துமூன்று. எல்லாமே எழுபத்துமூன்று. காற்றில் சேலை முகத்தில் வந்து அடித்தது, தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு ஒவ்வொரு கம்பியின் நுனியையும் கட்டிங் பிளேயரால் நறுக்கினாள். நறுக்கிய துண்டுகள் வெயிலில் பளபளத்தன. நறுக். நறுக். சிந்து விமானப் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் வாரமே முடியை நறுக்கிவிட்டாள். இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி. பாபநாசத்தில் குளிக்கப் போகும்போதெல்லாம் அந்தப் பின்னலைத்தான் குழல்வாய்மொழி கையில் சுற்றிப் பிடித்துக்கொள்வாள், பிள்ளை தண்ணீரில் முங்குவாள், எழுவாள், "விடும்மா, வலிக்குது," என்பாள், விட மாட்டாள், ஆற்றில் இழுப்பு இருக்கிறது, பாசி இருக்கிறது, எப்படி விடுவது? எட்டு வயசில் அப்படி. பதினோரு வயசிலும் அப்படி. பிறகு ஒரு வருஷம் சிந்துவின் அப்பா தன் அக்கா வீட்டுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போய்விட்டு வந்து, பிள்ளை அக்கரைக்கு நீந்திப்போய் வந்துவிட்டாள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. முடியை வெட்டிய பிறகு வீடியோ காலில் வந்து, "எப்படிம்மா இருக்கு?" என்று தலையை ஆட்டிக் காட்டியபோது, நல்லாயிருக்கு என்று சொல்ல வாயைத் திறந்தவள், "ஏன்?" என்று கேட்டாள். ஏன் என்று கேட்டதற்குப் பதிலாக நல்லாயிருக்கு என்று சொல்லியிருக்கலாம். நல்லாத்தான் இருந்தது.

மணி இரண்டு நாற்பது. கட்டினாள். ஓடி வந்து திரையைப் பார்த்தாள். ஒன்றுமில்லை. நாலு மில்லிமீட்டர் கூடிப்போனதால் எதுவுமே வராமல் போயிருக்காது, சுமாராகவாவது வந்திருக்கும், இது அவளுக்கு முன்பே தெரியும், தெரிந்துகொண்டேதான் நறுக்கினாள், நறுக்குவதற்கு ஏதாவது வேண்டியிருந்தது. இப்போது விமானம் ஏறியிருக்கும். மூக்கை நிமிர்த்தி ஏறிக்கொண்டிருக்கும். அட்லஸில் சென்னைக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவே அவள் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்திருந்தாள், கோடு திருச்சியை உரசிக்கொண்டு போனது, அதைப் பார்த்ததும் ஏதோ பிள்ளை வாசல் வழியாகப் போகப்போகிறாள் என்பது மாதிரி உடம்பெல்லாம் சூடானது. அந்த விமானம்தான் என்று எப்படித் தெரியும்? சிந்து அப்பாவிடம் பேசுவாள். அப்பாவின் போனுக்குத்தான் கூப்பிடுவாள். அவர் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார், கதவுக் கண்ணாடி வழியாக அவர் தலையாட்டுவது தெரியும், சிரிப்பது தெரியும், சத்தம் மட்டும் வராது. போன வாரம் பேசி முடித்தவர் தினசரிக் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைத் தாளில் 'திருவனந்தபுரம், 2.20' என்று பொடி எழுத்தில் குறித்து வைத்தார். அவள் தாளைப் புரட்டிப் பார்ப்பாள் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவருக்கு எதுவும் தோன்றாது. கீழே இந்நேரம் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார். மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் கம்பத்திலும் கம்பியிலும் இருந்தவர், அவரை எழுப்பிக் கேட்டால் இந்தக் கேபிளில் என்ன கோளாறு என்று இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். கேட்க முடியாது. எதற்கு என்று கேட்பார்.

கேபிள். கம்பியில் கோளாறு இல்லை, கணக்கில் இல்லை, டாங்கிளில் சின்ன விளக்கு எரிகிறது, மிச்சம் கேபிள்தான். இரண்டு முனையையும் கழற்றினாள். மல்டிமீட்டரின் ஒரு முள்ளைக் கேபிளின் நடுக் கம்பியிலும் இன்னொன்றை அதைச் சுற்றிய வெளி வலையிலும் வைத்தாள். இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது, தொடாமல் இருந்தால் மீட்டர் சும்மா இருக்கும். பீப் என்றது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். பீப். தொடுகிறது. எங்கேயோ தொடுகிறது. ஜன்னல் வெளிச்சத்தில் கனெக்டரைப் பிடித்துக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தாள், முதலில் ஒன்றும் தெரியவில்லை, பிறகு தெரிந்தது, வலையிலிருந்து பிரிந்த ஒரே ஒரு இழை, கண் இமை அளவுக்கு மெல்லிசு, வளைந்து போய் நடுக் கம்பியின்மேல் சாய்ந்திருந்தது. வானத்திலிருந்து வருவதையெல்லாம் வாசலிலேயே வாங்கி மண்ணில் கொட்டிக்கொண்டிருந்தது. இதுக்கா? இந்த ஒரு இழைக்கா மூன்று ஞாயிற்றுக்கிழமை? ஊக்கின் நுனியால் அதைத் தள்ளினாள், அது திரும்ப வந்து சாய்ந்தது, தள்ளினாள், வந்தது, "போயேன் சனியனே!" என்று வாய்விட்டுக் கத்தினாள், அப்புறம் ஊக்கால் நிமிர்த்தி நகவெட்டியால் அடியோடு வெட்டினாள். முள்ளை வைத்தாள். மீட்டர் சும்மா இருந்தது. இரண்டு முனையையும் திரும்ப மாட்டினாள்.

முதல் வரி அவள் நாற்காலியில் உட்காருவதற்குள் விழுந்துவிட்டது. அடுத்தது. அடுத்தது. ஐந்து, எட்டு, பதினொன்று. எங்கிருந்தோ எங்கேயோ போகிற பதினோரு விமானங்கள், முப்பத்தைந்தாயிரம் அடி, முப்பத்தொன்பதாயிரம் அடி, ஒன்று கொழும்பிலிருந்து ஏறி வருகிறது, ஒன்று இறங்குகிறது, எண்கள் துடித்துக்கொண்டிருந்தன. குழல்வாய்மொழிக்குச் சந்தோஷமாக இருக்க நேரம் இல்லை. தேடினாள். இருந்தது. அவள் மனப்பாடம் செய்துவைத்திருந்த அந்த விமான எண், ஏழாவது வரியில். விழுப்புரத்தைத் தாண்டிவிட்டது. முப்பத்திரண்டாயிரம் அடி. திசை தென்மேற்கு. அவள் திரையைத் தொட்டாள், தொட்டதும் விரலை எடுத்துக்கொண்டாள். நீ இடது பக்கமா வலது பக்கமா உட்கார்ந்திருப்பாய்? வலது பக்கம் என்று ஒரு தடவை சொன்னாய். வெயில் கண்ணில் அடிக்கும். சாப்பிட்டிருப்பாயா? இருபத்தாறு வயசுப் பெண்ணுக்கு நூற்றெண்பது பேர் உயிரைக் கொடுத்து உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள், சாப்பிட்டாயா என்று யாராவது கேட்டார்களா? பெரம்பலூர். எண்கள் மாறின. வேகம் கொஞ்சம் குறைந்தது, ஏன் குறைந்தது? எதிர்க்காற்று. ஆடி மாதம். அவ்வளவுதான். அவ்வளவுதானா? உயரம் அப்படியே இருக்கிறது, அப்படியே இருக்கட்டும். திருச்சி. இப்போது. இப்போது! வெளியே ஓடினாள், கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து பார்த்தாள். வெள்ளை வெளேரென்று வெயில், கிழிந்த பஞ்சு மாதிரி மேகம், காற்றின் இரைச்சல் காதில் வேறு எதையும் விடவில்லை. விமானம் தெரியவில்லை. கழுத்து வலிக்கும்வரை பார்த்தாள். தெரியவில்லை. திரும்ப ஓடி வந்தபோது ஏழாவது வரி இன்னும் இருந்தது, ஆனால் எண்கள் துடிக்கவில்லை. உயரம் நின்றுவிட்டது. வேகம் நின்றுவிட்டது. பத்து நொடி. இருபது நொடி. பக்கத்து வரிகளெல்லாம் துடிக்கின்றன, இது மட்டும் கல்லாக நிற்கிறது. ஐம்பது நொடி. வரி அழிந்துபோனது.

கை தானாகப் போனுக்குப் போனது. அதே மே மாதச் சாயங்காலம். யாருக்குப் போடுவது, கம்பெனிக்கா, இல்லை, விமான நிலையம், எண் இருக்கிறது, இன்னும் அழிக்கவில்லை. கட்டைவிரல் திரைமேல் நின்றது. அப்போதுதான் இன்னொன்றும் காணாமல் போனது, பத்தாவது வரி, அதுவும் தெற்கே போய்க்கொண்டிருந்த ஒன்று. பிறகு மூன்றாவது. தெற்கு, தென்மேற்கு. வடக்கே இருப்பவையெல்லாம் இருக்கின்றன, தெற்கே போகிறவை மட்டும் ஒவ்வொன்றாகப் போகின்றன. அவள் மெதுவாகத் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தாள். ஆன்டெனாவுக்குத் தென்மேற்கே, ஐந்தடி தள்ளி, மூன்று வீட்டுக்குமாக வீட்டுக்காரர் கட்டிவைத்த சிமெண்ட் தண்ணீர்த் தொட்டி மதில் மாதிரி நின்றது. தொட்டி. தொட்டி மறைக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் வராது, வரவே வராது, யார் போனாலும் இந்தத் திரையில் ஐம்பது நொடியில் செத்துப்போவார்கள். விமானத்துக்கு ஒன்றும் இல்லை. அது பாட்டுக்கு நான் இங்கே இருக்கிறேன், இங்கே இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டுதான் போகிறது. கேட்கிறவளுக்குத்தான் கேட்கவில்லை. அன்றைக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், அந்த ஆப்புக்கு எண்களை அனுப்ப யாரோ ஒருவர் தன் வீட்டு மாடியில் கட்டிய ஏதோ ஒரு கம்பிக்கு முன்னால் ஏதோ ஒரு கட்டிடம். அதற்காகவா நூறுக்குப் போட்டேன். போனைக் கவிழ்த்து வைத்தாள். வைத்த பிறகும் கை அதைவிட்டு வரவில்லை, தெரிந்துகொள்வது வேறு, கை வேறு.

"என்னளா இது, இந்த வெயில்ல மேல வந்து கத்திக்கிட்டிருக்கே?" பூதலிங்கம் படியேறி வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பனியனில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. கணினியைப் பார்த்தார், கேபிளைப் பார்த்தார், அது போகிற வழியே ஜன்னலுக்கு வெளியே பார்த்து, கம்பத்தின் நுனியை ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"காலண்டரைப் பார்த்தியாக்கும்."

"பார்த்தேன்."

"அந்த ப்ளேனா?"

"போயிட்டுது. தொட்டி மறைச்சிட்டுது," என்றாள். "ஒண்ணும் ஆகலைங்க, எனக்குத் தெரியும். தொட்டிதான். ஆனா ஒரு நிமிஷம் உசிரு போயிட்டு வந்தது."

அவர் அவளைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். பிறகு, சொல்லக் கூடாததைச் சொல்லப்போகிறவர் மாதிரி மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "அவ அதுல இல்லை, குழலி. முந்தாநாளே மாத்திட்டாங்க. இன்னைக்கு அவளுக்கு ட்யூட்டியே கிடையாது. காலையில பேசினா. ரூம்ல உக்காந்து துணி துவைக்கேன்னா."

துணி துவைக்கிறாள். நான் இங்கே பெரம்பலூர், திருச்சி என்று எண்ணிக்கொண்டு, எதிர்க்காற்று என்று பயந்துகொண்டு, யார் பெற்ற பிள்ளையையோ பார்த்துக்கொண்டு. அங்கே அவள் பக்கெட்டில் சோப்பு நுரையோடு. குழல்வாய்மொழிக்குச் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறியது, சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்திக்கொண்டாள். எரிச்சல். யார்மேல் என்று தெரியாத எரிச்சல். "முந்தாநாளே தெரியும்னா சொல்லியிருக்கலாம்ல நீங்க?" "உனக்குச் சொல்லக் கூடாதுன்னுல்லா சொல்லியிருக்கா." ஆமாம். அதுவும் சரிதான். எல்லாம் சரிதான், கணக்கு, கம்பி, எல்லாம். அவர் வெளியே போய்த் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இதுக்கு மேல ஒரு பைப்பை நிறுத்திக் கட்டினா நாலா பக்கமும் வரும். கட்டித் தரவா?" என்று அங்கிருந்தே கேட்டார். அவள் போனைத் திருப்பி எடுத்தாள். கூப்பிடாதே என்றுதானே சொன்னாள், எழுதாதே என்று சொல்லவில்லையே. இல்லை. இந்த மாதிரி வாதம் போதும். கூப்பிடாதே என்றால் எழுதாதே என்றும்தான். எழுதினால் மீறல்தான். மீறல் என்று தெரிந்தே எழுதினாள்.

'சிந்து, மாடியில் ஆன்டெனா ஒன்று செய்து கட்டியிருக்கிறேன். உன் விமானத்தைப் பார்க்கத்தான். உனக்குத் தெரியாமல் செய்தது தப்பு. நீ ஓட்டாத விமானத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். யாருக்கும் போன் போடவில்லை.'

அனுப்பினாள். இரண்டு நீல டிக்குகள் உடனே விழுந்தன. பிறகு ஒன்றும் இல்லை. எழுதுகிறாள் என்று வந்தது, நின்றது. வந்தது, நின்றது. ஆடிக்காற்றில் ஜன்னல் கதவு ஒன்று அடித்துக்கொண்டது. கணினித் திரையில் வடக்கிலிருந்து புதிதாக ஒரு வரி விழுந்தது, அவள் அதைப் பார்க்கவில்லை.

'ஐயோ அம்மா.'

'எனக்குக் கோபம் கோபமா வருது.'

சரி. வரட்டும். வரத்தான் செய்யும். அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நாலு நிமிஷம் கழித்து மடி அதிர்ந்தது.

'நீயேவா செஞ்ச?'

'ஆமாம்.'

'எவ்வளவு தூரம் வருது?'

'வடக்கே விழுப்புரம் தாண்டி. தெற்கே தண்ணீர்த் தொட்டி மறைக்கிறது.'

'விழுப்புரமா!! கேபிள் எத்தனை மீட்டர்?'

எத்தனை மீட்டர்? அளக்கவே இல்லை. கடைக்காரர் சுருளிலிருந்து இழுத்து வெட்டிக் கொடுத்ததை அப்படியே வாங்கி வந்துவிட்டாள். 'சாப்பிட்டியா' என்று அடித்தாள். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். 'அளந்து சொல்கிறேன்' என்று அனுப்பிவிட்டு, "ஏங்க, அந்தக் கேபிள் முனையைக் கொஞ்சம் பிடிங்க," என்று வெயிலுக்குள் இறங்கினாள்.